வெளிச்சம் குறைந்த மாதத்தில் மூன்று தேர்வுகள்

2019ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வியன்னாவில் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய திங்கட்கிழமை, ஒரு செமஸ்டர் இயற்பியல் படிக்க வந்திருந்த நான், விடுதி அறையின் மேசைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் மூன்று தேர்வுத் தேதிகள் இருந்தன: ஜனவரி 22, 25, 30. மற்றொன்றில், அக்டோபர் முதல் நாளிலிருந்து "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட இடங்களின் பட்டியல். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. பிப்ரவரி 3ஆம் தேதி காலை விமானம். மூன்று மாதங்களுக்கு மேல் அந்த நகரத்திலேயே குடியிருந்தும், இரண்டு நாள் தங்கிப்போகும் சுற்றுலாப் பயணி பார்ப்பதில் பாதியைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. குடியிருப்பவனுக்கு ஊர் எங்கேயும் ஓடிவிடாது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஓடப்போவது ஊரல்ல, தான்தான் என்பது கடைசி மாதத்தில்தான் உறைக்கிறது.

இதற்கு என் சோம்பல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்களில் ஒரு விரிவுரைப் பாடத்துக்கு ஒரே ஒரு தேர்வுத் தேதி என்ற வழக்கம் இல்லை. செமஸ்டரின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும் தேர்வெழுத வாய்ப்புத் தரவேண்டும் என்பது அப்போது அங்கே சட்டமாகவே இருந்தது. ஆகவே என்னோடு படித்த உள்ளூர் மாணவர்கள் ஜனவரியில் ஒரு தேர்வையும், கோடைக்கால செமஸ்டர் தொடங்கும் மார்ச்சில் இன்னொன்றையும் எழுதுவதாகப் பிரித்து வைத்துக்கொண்டு, இடையில் கிடைக்கும் பிப்ரவரி மாதத்தைப் பனிச்சறுக்குக்கும் பகுதிநேர வேலைக்கும் ஒதுக்கியிருந்தார்கள். அவர்களுடைய நிதானத்தைப் பார்த்துப் பார்த்து, அது எனக்கும் உரியது என்று நானாக எடுத்துக்கொண்டேன். அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த ஒரு தமிழ் அக்காவிடம் டிசம்பரில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இங்கே இருக்கிற பிள்ளைகளைப் பார்த்து நீ படிக்காதே. அவர்களுக்கு மார்ச் மாதம் இருக்கிறது. உனக்கு இல்லை" என்றார். ஒரு செமஸ்டருக்காக வந்தவனுக்கு முதல் தேதியே கடைசித் தேதியும் என்பதை அதற்குமேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தேர்வுகளின் எடையையும் சொல்லிவிடுகிறேன். 22ஆம் தேதி குவாண்டம் தகவலியலில் வாய்மொழித் தேர்வு, 25ஆம் தேதி திண்மநிலை இயற்பியல், 30ஆம் தேதி புள்ளியியல் இயக்கவியல். மூன்றும் சேர்ந்து 18 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த மூன்று பாடங்களுக்கும் 450 மணி நேரம். அதில் எவ்வளவை நான் ஏற்கெனவே செலுத்தியிருந்தேன் என்று கணக்கிடுவதை மட்டும் நாகரிகம் கருதித் தவிர்த்துக்கொண்டேன். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 1 மிகச் சிறப்பு, 5 தோல்வி. இந்தத் தலைகீழ் வரிசைக்கு மனம் பழகவே எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒரு நாள் படிப்பு, மறுநாள் ஊர் என்று மாற்றி மாற்றிக் கட்டம் போட்டேன். இரண்டாவது நாளே அது உடைந்துபோனது. படிக்கும் நாளில் காலை பத்து மணிக்கு எழுந்து, நூலகத்தில் இடம் பிடித்து, மதிய உணவு முடித்து நிமிர்ந்து பார்த்தபோது சன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஊர் பார்க்கும் நாளிலும் அதே பத்து மணிக்கு எழுந்து, குளித்து, கிளம்பி, டிராம் பிடித்து, ஷோன்பிரன் அரண்மனைத் தோட்டத்தின் மேட்டில் இருக்கும் குளோரியட் மண்டபத்தை மூச்சிரைக்க எட்டியபோது, கீழே பரந்து கிடந்த நகரம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளும் ஒரே விதமாகத் தோற்றன என்பதைக் கவனித்த பிறகுதான் எனக்குப் பற்றாக்குறையாக இருப்பது எது என்று புரிந்தது. நாட்கள் போதாமல் இல்லை, பகல்தான் போதவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் வியன்னாவில் காலை ஏறத்தாழ 7.45க்குச் சூரியன் உதித்து, மாலை 4.15க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. மாத இறுதியில் இது சற்று நீண்டு, ஒன்பதே கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. 7ஆம் தேதியிலிருந்து 30ஆம் தேதி வரை கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 215 மணி நேர வெளிச்சம், அதுவும் வானம் மூடாமல் இருந்தால். மறுபுறம், இருட்டு தாராளமாகக் கிடைத்தது. நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம். பாடப்புத்தகத்துக்குச் சூரியன் தேவையில்லை, மேசை விளக்கு போதும். ஆனால் ஒரு குன்றையோ தோட்டத்தையோ ஆற்றங்கரையையோ மேசை விளக்கில் பார்க்க முடியாது. நானோ கிடைத்த கொஞ்சம் வெளிச்சத்தையும் நூலகத்துக்குள் செலவழித்துவிட்டு, எதற்கும் ஆகாத இருட்டில் தெருவுக்கு வந்து நின்றுகொண்டிருந்தேன்.

ஆகவே கட்டங்களை அழித்துவிட்டு, நாளை இருட்டு என்றும் வெளிச்சம் என்றும் பிரித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒன்பது வரை படிப்பு, பிறகு வகுப்பு, நண்பகல் முதல் நாலு மணிவரை, வகுப்பில்லாத நாட்களில், வெளியே, இருட்டியதும் நூலகம், ஒன்பது மணிவரை. எழுதும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. உண்மையில் முதல் வாரத்தில் ஐந்து மணிக்கு எழுந்தது இரண்டே நாட்கள். ஆனால் எழுந்த அந்த இரண்டு நாட்களிலும், ஒன்பது மணிக்குள்ளேயே நாலு மணி நேரம் படித்து முடித்திருந்ததால், பகலில் வெளியே நடக்கும்போது வழக்கமாகப் பிடரியில் உட்கார்ந்திருக்கும் குற்ற உணர்ச்சி கூடவே வரவில்லை. சுற்றிப் பார்ப்பதைக் கெடுப்பது நேரமின்மையைவிட அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்று நினைக்கிறேன். கால் ஓர் இடத்திலும் மனம் திண்மநிலை இயற்பியலிலும் இருந்தால் இரண்டுமே நடப்பதில்லை.

அருங்காட்சியகங்கள் இந்தக் கணக்கில் தனி இனம். அவை கூரைக்குள் இருப்பவை. விளக்கு வெளிச்சத்திலேயே பார்க்கக்கூடியவை. கலை வரலாற்று அருங்காட்சியகம் வியாழக்கிழமைகளில் இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். தேசிய நூலகத்தின் பழைய மாமண்டபமும் அப்படியே. 1720களில் கட்டப்பட்டு, இரண்டு லட்சம் பழம் நூல்கள் அடுக்கப்பட்ட அந்த மண்டபத்தை, தன் பாடநூல் ஒன்றையே முடிக்காதவன் சென்று பார்ப்பதில் ஓர் அசட்டுத் துணிச்சல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனவே வியாழன் இரவுகள் அருங்காட்சியகத்துக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அவற்றில் முதல் வியாழன், ஜனவரி 10, எந்தச் சமாதானத்துக்கும் இடம் தராத ஒன்று. ஓவியர் பீட்டர் பிரூகலின் 450ஆம் நினைவு ஆண்டையொட்டி அந்த அருங்காட்சியகம் நடத்திய பெருங்கண்காட்சி அக்டோபர் 2இல் தொடங்கி ஜனவரி 13 ஞாயிறன்று முடிவதாக இருந்தது. பிரூகலின் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது வியன்னாவில். அவற்றோடு மட்ரிட், ஆன்ட்வெர்ப், ராட்டர்டாம் போன்ற நகரங்களிலிருந்தும் படங்கள் வந்து சேர்ந்திருந்தன. மரப்பலகைகளின்மேல் தீட்டப்பட்ட அந்தப் படங்கள் பயணம் செய்வதே அரிது என்பதால், இன்னொரு முறை இப்படிக் கூடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் வியன்னாவுக்கு வந்து இறங்கிய அதே வாரத்தில் தொடங்கிய கண்காட்சிக்கு, அது முடிய மூன்று நாட்கள் இருக்கும்போது நேரம் குறித்த நுழைவுச்சீட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் அது தமக்கு நான்காவது முறை என்று சொன்னதைக் கேட்டு, என் மூன்று மாதங்களும் கண்முன் வந்து போயின.

தொண்ணூறு நிமிடங்கள்தான் இருப்பேன், நாலு படங்களைத்தான் பார்ப்பேன் என்று முன்னரே முடிவு செய்திருந்தேன். பைபிளில் வரும், கட்டி முடியாமல் போன பாபேல் கோபுரத்தின் இரண்டு ஓவியங்கள் அங்கே ஒன்றாகக் காட்டப்பட்டிருந்தன. வியன்னாவுக்குச் சொந்தமான 1563ஆம் ஆண்டுப் படம் ஒன்று; ராட்டர்டாமிலிருந்து வந்த சிறிய படம் மற்றொன்று. பெரிய கோபுரத்தில் வேலை இன்னும் நடக்கிறது. அரசன் வந்து நிற்கிறான், கல் தச்சர்கள் மண்டியிடுகிறார்கள், ஒருபுறம் கட்டிக்கொண்டே போக மறுபுறம் முடியாமலே கிடக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்களைப் பற்றி அதைவிடத் துல்லியமான படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்று அதிக நேரம் என்னை நிறுத்தியது "பனியில் வேட்டைக்காரர்கள்" என்ற 1565ஆம் ஆண்டு ஓவியம். மாதங்களைக் காட்டும் ஆறு படங்கள் கொண்ட வரிசையில் எஞ்சியிருக்கும் ஐந்தில் ஒன்று அது. ஒரே ஒரு நரியைத் தோளில் சுமந்தபடி, தலை தாழ்ந்த நாய்க்கூட்டத்தோடு வேட்டைக்காரர்கள் மேட்டிலிருந்து இறங்குகிறார்கள். கீழே உறைந்த குளங்களில் சிறு சிறு கரும்புள்ளிகளாக மக்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். வானமும் பனிக்கட்டியும் ஒரே பச்சை கலந்த சாம்பல். அந்த நிறம் எனக்குத் தெரிந்திருந்தது. குளோரியட் மேட்டில் மூச்சிரைக்க நின்றபோது கண்முன்னே கைநழுவிப்போன அதே மூன்றரை மணி வெளிச்சம். அக்டோபரில் வந்து பார்த்திருந்தால், நல்ல படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன்.

தேர்வும் ஊரும் மட்டுமே ஒன்றோடொன்று மோதுகின்றன என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது. அது காகிதம். நாட்டை விட்டுப் போகிறவர் தம் முகவரிப் பதிவை, கிளம்புவதற்கு முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் நீக்கிக்கொள்ள வேண்டும். விடுதி அறையை ஆய்வுக்கு ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்பப் பெறவேண்டும். வங்கிக் கணக்கை மூடவேண்டும். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவேண்டும். தங்கியிருந்த காலத்துக்கான சான்றிதழில் கையெழுத்து வாங்கவேண்டும். அது கிடைக்காவிட்டால் அங்கே படித்ததே கணக்கில் சேராது. இந்த அலுவலகங்கள் எல்லாம் திறந்திருப்பது பகலில், அதாவது எனக்கு மிக அரிதாகக் கிடைத்த அந்த வெளிச்ச நேரத்தில். ஒரு சான்றிதழுக்காக மூன்று நண்பகல்களை ஒரு தாழ்வாரத்தின் மர பெஞ்சில் கழித்தேன். முதல் முறை படிவம் தவறு, இரண்டாம் முறை கையெழுத்திடுபவர் விடுப்பு. வெளிநாட்டில் செமஸ்டர் படிக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்தக் காகித வேலைகளை டிசம்பர் தொடக்கத்திலேயே, ஊரில் எல்லோரும் கிறிஸ்துமஸ் சந்தைகளில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று சொல்வேன். வேறு எந்த அறிவுரையும் தருவதற்கு எனக்குத் தகுதி இல்லை.

மூன்று நண்பகல்கள் இப்படிப் போனதும் பட்டியலைச் சுருக்க வேண்டியதாயிற்று. முதலில் அடித்தது வேறு நகரங்களை. பிராகாவுக்கு ரயிலில் நாலு மணி நேரம், புடாபெஸ்டுக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவு, பிராட்டிஸ்லாவாவோ ஒரு மணி நேரம்தான். என்னைப்போலவே ஒரு செமஸ்டருக்கு வந்த நண்பர்கள் நால்வர், ஐந்து நாட்களில் மூன்று நாடுகள் என்று கிளம்பினார்கள். ரயிலில் படித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ரயிலில் படிப்பது என்பது பரீட்சை எழுதுகிறவர்கள் காலங்காலமாகத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் பொய்; சன்னல் என்று ஒன்று இருக்கும்வரை அது நடக்காது. அந்த ஆண்டு ஜனவரி முதல் பாதியில் ஆல்ப்ஸ் மலையின் வடபுறம் முழுவதும் வழக்கத்துக்கு மாறான கடும் பனிப்பொழிவு வேறு. நான் போகவில்லை. அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதும் உண்மை.

அடுத்து, எப்படியும் தினமும் கடந்துபோகும் இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். இதில் எனக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. இயற்பியல் துறைக் கட்டடங்களுக்கு அருகிலேயே ஸ்ட்ருட்ல்ஹோஃப் படிக்கட்டு இருக்கிறது: மேல்தெருவையும் கீழ்த்தெருவையும் இணைக்க 1910இல் திறக்கப்பட்ட, வளைந்து வளைந்து இறங்கும் கல் படிகள், நடுவில் நீரூற்று, பச்சை வண்ண விளக்குத் தூண்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று ரொட்டியை மென்றுகொண்டு நான் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும்போது, சுற்றுலாப் பயணிகள் பொறுமையாக ஒதுங்கி நின்று, நான் படத்துக்குள் இல்லாத நொடிக்காகக் காத்திருப்பார்கள். நூறு முறையாவது ஏறியிருப்பேன்; பட்டியலில் அதை "பார்க்க வேண்டியவை" என்பதில் எழுதி வைத்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. ஒரு நண்பகல் அதன் நடுத்தளத்தில் இருபது நிமிடம் சும்மா நின்றுவிட்டு அடித்தேன். பல்கலைக்கழகத் தலைமைக் கட்டடத்தின் வளைவு முற்றமும் அப்படியே. அங்கே வரிசையாக நிற்கும் அறிஞர் சிலைகளில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் மார்பளவுச் சிலையில் அவருடைய சமன்பாடே பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரிதும் ஆண்களின் சிலைகளாகவே இருந்த அந்த முற்றத்தில் 2016இல்தான் இயற்பியலாளர் லிசே மைட்னர் உள்ளிட்ட பெண் அறிஞர் எழுவருக்கு நினைவுச்சின்னங்கள் வைத்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய மாலை, குறிப்பேட்டைப் பார்க்காமல் விடைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். படிப்பா, ஊர் பார்ப்பதா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போன ஒரே மணி நேரம் அது. அந்தத் தேர்வில் 1 கிடைத்தது.

இந்த வெற்றி தலைக்கேறியதன் விளைவு 24ஆம் தேதி தெரிந்தது. மறுநாள் திண்மநிலை இயற்பியல். காலையிலேயே ஐந்து மணி நேரம் படித்துவிட்டேன் என்ற தைரியத்தில், ஹைலிகன்ஷ்டாட்டிலிருந்து 38ஏ பேருந்தில் ஏறிக் காலன்பெர்க் குன்றுக்குப் போனேன். 484 மீட்டர் உயரம். திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் முழு நகரமும் டானூப் ஆறும் ஒரே பார்வையில் தெரியும் என்று எல்லோரும் சொல்லும் இடம். மேலே போய் இறங்கியபோது தடுப்புச் சுவருக்கு அப்பால் வெள்ளையாக மூடுபனி மட்டுமே இருந்தது. விலகும் விலகும் என்று ஒன்றரை மணி நேரம் நின்றேன். விலகவில்லை. திரும்பும் வழியில் பேருந்துக்காகக் காத்திருந்ததில் கால்விரல்கள் மரத்து, அறைக்கு வந்து போர்வைக்குள் புகுந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். மாலையில் படிப்பதற்கென்று வைத்திருந்த இரண்டு அத்தியாயங்கள் அப்படியே கிடந்தன. அவற்றில் ஒன்றிலிருந்து பெரிய கேள்வி வந்தது. மதிப்பெண் 3. ஊர் பார்த்ததால் கெட்டது என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் நான் எதையும் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு 30ஆம் தேதிவரை பெரிதாக எங்கும் போகவில்லை. ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள் ஏறி இறங்கினேன். அது உடற்பயிற்சியாகக் கணக்கில் சேர்ந்தது. ஓர் இரவு, அரசு ஓபரா அரங்கில் நின்றபடி பார்க்கும் இடத்துக்குச் சில யூரோக்களில் சீட்டு வாங்கி, மற்றவர்களைப் போலவே கம்பியில் கழுத்துத்துண்டைக் கட்டி இடம் பிடித்து, இடைவேளையோடு திரும்பி வந்தேன். காலும் வலித்தது, மனமும் தேர்வுக்குப் படித்த என்ட்ரோபியிலேயே இருந்தது. பட்டியலில் அப்போது பதினொன்று மிச்சம். அவற்றை அடிக்காமலே தாளை மடித்துப் பாடநூலுக்குள் வைத்துவிட்டேன். புள்ளியியல் இயக்கவியல் தேர்வு நன்றாகவே போனது.

ஒரே ஓர் இடத்தை மட்டும் தேர்வுக்குப் பிறகு என்று வேண்டுமென்றே வைத்திருந்தேன். வியன்னா மத்தியக் கல்லறையில் லுட்விக் போல்ட்ஸ்மனின் நினைவுக்கல் இருக்கிறது. புள்ளியியல் இயக்கவியலின் அடித்தளத்தை அமைத்தவர்களில் ஒருவர், இந்த நகரத்தில் பிறந்து இங்கேயே கற்பித்தவர், 1906இல் இறந்தவர். மைட்னர் அவருடைய மாணவி. பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே போகக் கிளம்பியபோது அக்காவிடம் 71ஆம் எண் டிராமில் ஏறப்போவதாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கல்லறைக்குச் செல்லும் தடம் அது என்பதால், ஒருவர் 71இல் ஏறிவிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று வியன்னாக்காரர்கள் சொல்வார்களாம். "திரும்பி வந்துவிடு தம்பி, சாவியை ஒப்படைக்க வேண்டும்" என்றார்.

1874இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லறை ஒரு சிறு நகரத்தின் அளவு. பீத்தோவன், ஷூபர்ட் ஆகியோரின் கல்லறைகளுக்கு முன்னால் சிலர் பூங்கொத்துகளோடு நின்றிருந்தார்கள். போல்ட்ஸ்மனுக்கு முன்னால் யாரும் இல்லை. வெண்பளிங்குச் சிலை, தோள்களில் பனி, தலைக்கு மேலே கல்லில் வெட்டிய அந்த ஒற்றை வரிச் சூத்திரம்: என்ட்ரோபி என்பது, ஒரு நிலை எத்தனை வழிகளில் அமையக்கூடும் என்ற எண்ணிக்கையின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பது. அந்த வடிவத்தில் அதை முதலில் எழுதியவர் போல்ட்ஸ்மன் அல்ல, மாக்ஸ் பிளாங்க். எந்த மடக்கை என்று கல்லில் குறிப்பிடவில்லை. எங்கள் தேர்வுத் தாளில் அப்படி எழுதியிருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கும். இரண்டு நாட்களுக்கு முன் நான் விடைத்தாளில் எழுதிய வரியை அங்கே பார்த்தபோது பெரிய உணர்ச்சி எதுவும் வரவில்லை. அதை எழுதும்போது மாறிலியை விட்டுவிட்டேனா என்று ஒரு சந்தேகம்தான் வந்தது. அலகுகளை எளிமையாக்க அதை ஒன்று என்று வைத்துக்கொள்வோம் என விடையின் தொடக்கத்தில் எழுதியது நினைவுக்கு வந்ததும் ஆறுதலாக இருந்தது.

குளிர்காலத்தில் வாயில்கள் ஐந்து மணிக்கு மூடப்படும். நாலேமுக்காலுக்கு, வெளிச்சத்தின் கடைசித் துளியையும் செலவழித்துவிட்டு, 71ஆம் எண் டிராமுக்காக நிறுத்தத்தில் நின்றேன். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வழக்கம்போல நூலகத்தில் இறங்க வேண்டிய நேரம் என்று கை பையைத் துழாவியது; பையில் புத்தகம் எதுவும் இல்லை. அந்த இருட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், டிராம் போகும் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு, அதிலேயே பாதித் தூரம் திரும்பி வந்தேன்.